கையால் ஓட்டிப் பார்த்தீர்களா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் வண்டி அந்தரத்தில் நிற்கிறது. நடக்கப் பழகாத குழந்தையை யாரோ அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்ததுபோலச் சக்கரங்கள் தொங்குகின்றன. வண்டியின் அடிவயிற்றை இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறேன், பார்க்கக் கூடாததைப் பார்க்கிற ஒரு கூச்சம், ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை, இத்தனை குழாய்களா, இத்தனை சேறா, இது எந்த ஊர்ச் சேறு, போன மழையில் அம்மா கிருஷ்ணாபுரம் வரை தனியாகப் போய்விட்டு வந்தாளே அந்தச் சேறா, போன தடவை அடி முழுக்க வாட்டர் வாஷ் செய்தோம் என்றார்களே, பிறகு எப்படிச் சேறு, இதையும் கேட்கவேண்டும், இல்லை, இதைக் கேட்கக் கூடாது, சின்னதைக் கேட்டால் அதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பெரியதைத் தள்ளிவிடுவார்கள், பட்டிமன்ற மேடையில் கற்ற முதல் பாடம் அது, பலவீனமான வாதத்தை முன்னால் அனுப்பாதே. பெரியது ஒன்றுதான். பிரேக். அதுவும் எல்லோருடைய பிரேக்கும் இல்லை, அம்மாவின் கை தள்ளுகிற பிரேக். என் தலைக்கு மேலே ‘வாடிக்கையாளரே எங்கள் தெய்வம்’ என்று எழுதியிருக்கிறது. யோசித்தால் அது பொய் இல்லை. தெய்வத்தை இப்படித்தானே வைத்திருக்கிறோம், குளிர்ந்த ஓர் அறையில் உட்காரவைத்து, வேளைக்கு ஏதாவது குடிக்கக் கொடுத்து, வெளியே என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்வதில்லை. காபி மெஷின் எனக்கு ஒரு காபியைத் துப்பியது. சர்க்கரை போடாதே என்று அழுத்தினேன், போட்டிருக்கிறது. இதுவும் ஒரு தவறு. இதையும் கேட்கக் கூடாது.

“நல்லாத்தான் இருக்கு மேடம்.” இப்படிச் சொன்னவர் ஜெயசிங், சர்வீஸ் அட்வைசர், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், இந்தத் திருநெல்வேலி வெயிலில் கழுத்தில் டை, காலர் ஓரத்தில் வியர்வை ஒரு வரைபடம் போட்டிருக்கிறது. வாக்கியத்தின் தலையிலும் வாலிலும் மேடம் போடுகிறார், நடுவில் என்ன இருக்கிறது என்று தேடிப் பிடிக்கவேண்டும். நல்லாத்தான் இருக்கு. அந்தத் ‘தான்’ என்னைக் குத்துகிறது, நீ சொல்கிற மாதிரி ஒன்றுமில்லை போடி என்பதை மரியாதையாகச் சொல்கிற ‘தான்’. எது நல்லா இருக்கிறது, யாருக்கு நல்லா இருக்கிறது, யார் சொன்னது? அம்மாவுக்கு இரண்டு காலும் குழந்தையிலேயே போலியோவில் போய்விட்டன. கியர் மாற்ற வேண்டாத வண்டி வாங்கி, மதுரையில் ஒரு பட்டறையில் கொடுத்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கம்பி வைத்துப் பொருத்தி வாங்கினோம். கம்பியைத் தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். கம்பியின் கீழ் நுனி பிரேக் பெடலின் தண்டை ஒரு கிளாம்பால் கவ்விப் பிடித்திருக்கும், அவ்வளவுதான், அதில் மாயம் ஒன்றுமில்லை, கை தள்ளுவதைப் பெடல் கேட்டுக்கொள்ளும். வீட்டில் அதற்குப் பெயர் கம்பி. ‘கம்பில எண்ணெய் விட்டியா’, ‘கம்பி மேல பையை மாட்டாத’. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா மின்வாரிய ஆபீசுக்குப் போனாள், கல்யாண வீடுகளுக்குப் போனாள், பைக்கே ஓட்டப் பயப்படுகிற அப்பாவை இடப் பக்கம் உட்காரவைத்துக் குற்றாலம் போனாள். போன மாதம் இங்கே சர்வீஸுக்கு விட்டதும் அம்மாதான், தானே ஓட்டிக்கொண்டு வந்தாள், வாசலில் செக்யூரிட்டி உள்ளே எட்டிப் பார்த்து, “டிரைவர் எங்கம்மா?” என்றாராம். அம்மா பின்சீட்டையும் திரும்பிப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் இருந்தாரு, எங்க போனாருன்னு தெரியலையே” என்றாளாம். வீட்டில் வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். சர்வீஸ் முடிந்து வந்த வாரத்தில் எங்கள் வீட்டு கேட் தூணிலேயே இடித்தாள்.

இடி பெரிதில்லை. பம்பரில் ஒரு கீறல், தூணில் சுண்ணாம்பு உதிர்ந்தது, அவ்வளவுதான், எதிர்வீட்டு அருணாசலம் மாமா இதைவிடப் பெரிதாக மாதம் ஒன்று இடிப்பார், அவரே வாசலுக்கு வந்து நின்று, “இதுக்குத்தாம்மா நாங்க அப்பவே சொன்னது” என்றார். எப்பவே? என்ன சொன்னீர்கள்? நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, “ஏட்டி, உள்ள போ” என்றாள். வண்டியை நிறுத்தினாள், ஊன்றுகட்டைகளைக் கக்கத்தில் கொடுத்து இறங்கினாள், சாவியை ஆணியில் மாட்டினாள். மறுநாள் ஆட்டோ. அதற்கு மறுநாளும் ஆட்டோ. என்னம்மா என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, பெட்ரோல் விக்கிற விலையில” என்றாள், ஆட்டோ மட்டும் தண்ணீரிலா ஓடுகிறது? பிறகு ஒருநாள் காலையில் சமையலறையில் பார்த்தேன். ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள், இறுக்கி மூடினாள், மறுபடி திறந்தாள், மறுபடி மூடினாள், முகத்தில் வலியும் இல்லை, கோபமும் இல்லை, புதுத் துணியின் நூலை உருவிப் பார்க்கிறவள் முகம். ஊறுகாயைத் தொடவே இல்லை. அப்பாவிடம் சொன்னது சுவர் வழியாக எனக்குக் கேட்டது, “கையில சத்து போயிட்டுங்க. தள்ளினா நிக்க மாட்டேங்கு. முன்ன ரெண்டு விரல்ல தள்ளுவேன்.” கால் செய்யவேண்டிய வேலையை எல்லாம் இத்தனை வருஷமாகக் கை செய்கிறது, வயது ஏறும்போது ஒருநாள் கையும் தளரலாம் என்று டாக்டர் எப்போதோ சொன்னதுண்டு, அந்த எப்போதோ இப்போதுதான் என்று அம்மா தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். அப்பீலே கிடையாது. கைக்கு எதிராகக் கையே சாட்சி.

ஆனால் நான் ஏன் அதை நம்பவில்லை? மகள் என்பதால் நம்பவில்லையா, வாதம் பிடிக்கும் என்பதால் நம்பவில்லையா? சர்வீஸுக்கு முன்னால் நின்றது, சர்வீஸுக்குப் பின்னால் நிற்கவில்லை, ஆகவே சர்வீஸ். இப்படி ஒரு வாதத்தை முதல் வருஷ மாணவி வைத்தாலும் அடித்து உட்காரவைத்துவிடுவேன், முன்னால் நடந்ததாலேயே அது காரணமாகிவிடுமா தோழி என்று கேட்பேன், கைதட்டல் வாங்குவேன். இப்போது அதே ஓட்டை வாதத்தை மடியில் வைத்துக்கொண்டு குளிர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். நுகர்வோர் நீதிமன்றம் என்ற சொல்லை வரும் வழியெல்லாம் உருட்டிக்கொண்டு வந்தேன், கூழாங்கல்லை வாயில் போட்டு உருட்டுவதுபோல. உண்மையைச் சொன்னால் இது கோபமே இல்லை, கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு ஏதோ வந்திருக்கிறது. இவர்கள் தவறு செய்திருக்கவேண்டும். செய்திருந்தே ஆகவேண்டும். உலகத்தில் எந்த வாடிக்கையாளராவது, கடவுளே இவர்கள் தப்புச் செய்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பாரா? இவர்கள் சரியென்றால் அம்மாவின் கை தவறு. ஒவ்வொரு தடவை ஜெயசிங் “நல்லாத்தான் இருக்கு” என்கிறபோதும் எனக்குள் ஒரு மூடி இறுகி மூடிக்கொள்கிறது.

இதற்கு நடுவில் அவர் பத்து கேட்கிறார். பக்கத்துச் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, கடன் கேட்க வந்தவர் மாதிரி, “மேடம், ஒரு சின்ன ரிக்வெஸ்ட் மேடம். போன சர்வீஸுக்கு கம்பெனில இருந்து இன்னைக்கோ நாளைக்கோ, நீங்க காலையில குடுத்த நம்பருக்கு ஒரு போன் கால் வரும். பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்கன்னு கேப்பாங்க. பத்து சொல்லிருங்க மேடம்.” “ஒன்பது சொன்னா?” “ஒன்பது சொன்னா எங்களுக்கு சைபர் மேடம்.” “எட்டு?” “எட்டும் சைபர்தான் மேடம்.” “அப்ப சைபர் சொன்னா?” “ஐயோ மேடம்.” நிஜமாகவே பயந்துவிட்டார், எழுந்து போய்விட்டார், ஆனால் நான் அந்த எண்ணிலேயே மாட்டிக்கொண்டேன். ஒன்பது எப்படி சைபர் ஆகும்? ஒரு கோட்டைத் தவிர மற்ற எல்லாக் கோடும் அழிந்துபோன அடிக்கோலை வைத்து எதை அளப்பார்கள்? எல்லோரும் பத்தே சொன்னால் எந்த வண்டி நின்றது, எந்த வண்டி நிற்கவில்லை என்று மேலே இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரியவேண்டாம் என்றுதான் கேட்கிறார்களோ? பிறகு இன்னொன்று தட்டுகிறது. எங்கள் வீட்டிலும் இந்த அடிக்கோல்தானே. எப்படி இருக்க வடிவு என்று யார் கேட்டாலும் அம்மா பத்துதான் சொல்வாள், நல்லாருக்கேன், ரொம்ப நல்லாருக்கேன், கக்கத்தில் கட்டை அழுத்திப் புண்ணான நாளிலும் நல்லாருக்கேன். ஏன்? அவளுக்கும் ஒன்பது என்றால் சைபர். அருணாசலம் மாமா தூணை இடித்தால் அவர் தூணை இடித்தவர், அம்மா இடித்தால் நாங்க அப்பவே சொன்னோம். அவளுக்கு எட்டும் ஒன்பதும் கிடையவே கிடையாது, யாரும் கொடுத்ததில்லை, கடைசியில் அவளும் தனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. ஒரே இடி, சாவி ஆணியில். இந்த ஜெயசிங்கும் என் அம்மாவும் ஒரே தேர்வு எழுதுகிறார்கள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. எதிர்த்தரப்பின் மேல் இரக்கம் வந்தால் பேச்சு தளரும்.

லிஃப்ட் இறங்குகிறது. சக்கரம் தரையைத் தொடுகிறது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் ஏறி உட்கார்ந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, வண்டியை வெளியே எடுத்துப் போகிறார், கண்ணாடி வழியாக எங்கள் வண்டி எங்களில் யாரும் இல்லாமல் சிக்னல் போட்டுத் திரும்புவதைப் பார்க்க விநோதமாக இருக்கிறது, நம் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ தெருவில் போவதுபோல. திரும்பி வந்ததும் இறங்கி, ஜெயசிங்கைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துகிறார். இறங்கும்போது இடது கையால் கம்பியை ஒதுக்கிவிட்டுக் காலை வெளியே வைக்கிறார். ஒதுக்கிவிட்டு. அதே இடத்தில் என் யோசனை கால் இடறுகிறது. கம்பியை ஒதுக்கிவிட்டு. ஜெயசிங் வருகிறார், “டெஸ்ட் டிரைவ் பண்ணியாச்சு மேடம், பிரேக் சூப்பர், கல்லு மாதிரி நிக்குது மேடம்.” “எதால?” “புரியல மேடம்?” “எதால பிரேக் பிடிச்சுப் பார்த்தாரு? கையாலயா, காலாலயா?” அவர் சிரிக்கிறார். காலாலதான மேடம், வேற எதால என்று சொல்ல வாய் போகிறது, பாதியில் சிரிப்பு நிற்கிறது, கண் மட்டும் வண்டிப் பக்கம் போய் வருகிறது. “நான் குடுத்த கம்ப்ளெயின்ட் என்ன? கையால தள்ளுனா நிக்கலைன்னு. நீங்க பார்த்தது என்ன? காலால மிதிச்சா நிக்குதான்னு. பல்வலின்னு வந்தவளுக்குக் கண்ணைப் பார்த்துட்டு நல்லாருக்குன்னு சொல்லுற மாதிரி இல்ல?” நல்ல அடி. மேடையாக இருந்தால் கைதட்டல். ஆனால் சொல்லி முடித்த கணத்திலேயே எனக்குக் காது சூடாகிறது, ஏனென்றால் இன்று காலை வீட்டிலிருந்து இந்த வண்டியை இங்கே ஓட்டிவந்தது யார்? நான். எதால்? கால். லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து இதே வண்டியைத்தான் ஓட்டுகிறேன், முட்டியில் இடிக்கும் கம்பியைச் சலித்துக்கொண்டு ஒதுக்கிவிட்டு, ஒரு தடவைகூட, ஒரு விளையாட்டுக்குக்கூட அதைத் தள்ளிப் பார்த்ததில்லை. அம்மா எப்படி ஓட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அது எப்படி இருக்கும்?

“நானே ஓட்டிப் பார்க்கிறேன். கையால.” “மேடம், வேண்டாம் மேடம், பழக்கம் இல்லாம…” “எங்க வண்டி, என் லைசென்ஸ். பயமா இருந்தா நீங்க ஏற வேண்டாம்.” ஏறினார் பாவம். ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் ஒரு காலி இடம், மூலையில் நீல டிரம், ஓரத்தில் டெலிவரிக்கு நிற்கிற புது வண்டி ஒன்று, அதன் மூக்கில் ரோஜா மாலை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். “மேடம், காலைக் கீழ வச்சுக்கோங்க மேடம், ஒரு அவசரத்துக்கு.” “எங்கம்மாவுக்கு அவசரத்துக்குக் கால் எங்க இருக்கு?” கம்பியை இழுக்கிறேன். வண்டி கிளம்புகிறது, ஐயோ, கிளம்புவது இத்தனை பயமா, தரைக்கும் எனக்கும் ஒட்டே இல்லை, உடம்பு முழுவதும் ஒரு கைக்குள் வந்து சுருண்டுகொள்கிறது, கால் விரல்கள் தொடைக்கடியில் கிடந்து பெடலைத் தேடித் துடிக்கின்றன, அடிப்பாவி அம்மா, இப்படியா நீ பைபாஸில் லாரிக்குப் பக்கத்தில் போய்க்கொண்டு என்னிடம் பரீட்சை எப்போது என்று கேட்பாய். டிரம் வருகிறது. தள்ளு. தள்ளுகிறேன். வண்டி யோசிக்கிறது. இன்னும் தள்ளுகிறேன், தோள்பட்டை வரை இழுக்கிறது, “மேடம் மாலை! மேடம் மாலை!” என்று ஜெயசிங் கத்துகிறார், முழு உடம்பையும் கம்பியில் சாய்க்கிறேன், வண்டி மாலைக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஒரு ரோஜா இதழ் காற்றில் எங்கள் கண்ணாடியில் வந்து ஒட்டுகிறது. “கனமா இருக்கு” என்கிறேன். அவர் மூச்சை விட்டுவிட்டு, நியாயமாகத்தான் கேட்டார், “முன்னால எப்படி இருந்திச்சு மேடம்?”

அதுதான் தெரியாது. அங்கேதான் எல்லாம் போய் முட்டுகிறது. கனம் என்றால் எதைவிடக் கனம்? முந்திய கனம் எங்கே இருக்கிறது? ரெண்டு விரலால் தள்ளிய கனம் அம்மாவின் கையில் மட்டும்தான் இருக்கிறது, அந்தக் கையோ தன்னையே நம்புவதை நிறுத்திவிட்டது. என் கை இந்த வேலைக்குப் புதுசு, அதனால் எனக்குக் கனமாக இருக்கலாம், அப்படியென்றால் ஜெயசிங் சொன்னதுதான் சரி, அப்படியென்றால் ஊறுகாய் பாட்டில்தான் சரி. சம்மணத்தைப் பிரித்துக் காலைக் கீழே விடுகிறேன், மரத்துப் போயிருக்கிறது, எறும்பு ஊர்கிறது, குனிந்து தேய்க்கிறேன், குனிந்ததால் பெடல் கண்ணில் படுகிறது. இத்தனை வருஷம் மிதித்த பெடல், முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். செல்போன் வெளிச்சத்தை அடிக்கிறேன். கறுப்புப் பெயின்ட் அடித்த தண்டு. அதன் மேல்பக்கம், கீலுக்குக் கிட்டத்தில், கம்பியின் கிளாம்பு கவ்வியிருக்கிறது. சரி. ஆனால் கீழே, மிதிக்கிற பலகைக்குச் சற்று மேலே, அந்தக் கறுப்பில் ஒரு வளையம். பெயின்ட் தேய்ந்து இரும்பு வெள்ளையாகப் பளபளக்கிற வளையம், மோதிரத்தைக் கழற்றின விரலில் இருக்குமே அதுபோல. இது ஏன் இங்கே? இங்கே எது இத்தனை வருஷம் கவ்விக்கொண்டிருந்தது? கவ்விக்கொண்டிருந்தது ஏன் இப்போது நாலு விரல்கடை மேலே இருக்கிறது? நான் கீழேயே குனிந்திருக்கிறேன், ரத்தம் தலைக்கு இறங்குகிறது, இறங்கட்டும்.

“ஜெயசிங், இறங்குங்க. இந்தக் கதவைத் தள்ளுங்க. கைப்பிடி பக்கத்துல.” தள்ளினார், ஒற்றை விரலுக்குப் போயிற்று. “இப்ப கீல் பக்கத்துல தள்ளுங்க.” தள்ளினார். மறுபடி தள்ளினார். உள்ளங்கையை வைத்துத் தள்ளினார், கீலுக்குக் கிட்டே போனால் அதே கதவு கனம். பிறகு தானே முழங்காலிட்டு, டையை எடுத்துத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, தலையை உள்ளே விட்டு என் வெளிச்சத்தில் அந்த வளையத்தைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். “கார்ப்பெட் கழுவுனாங்க,” அவர் குரல் பெடலுக்குள்ளிருந்து வருகிறது, “இதைக் கழட்டாம கார்ப்பெட் வெளிய வராது. கழட்டிட்டுத் திரும்ப மாட்டும்போது… காலால மிதிச்சா எந்த வித்தியாசமும் தெரியாது, அதான்…” நிறுத்தினார். வெளியே வந்து, “ஸாரி” என்றார். அதில் மேடம் இல்லை. முதல்முதலாக ஒரு சொல் தனியாக வந்தது. நான் எத்தனை வாக்கியம் தயாராக வைத்திருந்தேன், உயிரோட விளையாடுறீங்களா, நுகர்வோர் நீதிமன்றம், எழுத்துல குடுங்க, எல்லாம் நாக்கின் நுனியில் வரிசையாக நிற்கின்றன. தப்பு! தப்புச் செய்திருக்கிறார்கள்! எனக்கு அந்த ரோஜா மாலையைக் கழற்றி இந்த மனுஷன் கழுத்தில் போடலாம் போல இருக்கிறது. கோபம் வரும், வராமல் போகாது, தூண் வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம், அது பிறகு. இப்போது கிளாம்பைக் கீழே இறக்கி, அந்தப் பளபளப்பின் மேலேயே உட்காரவைத்து முறுக்குகிறார்கள், நான் தலைமாட்டில் நின்று பார்க்கிறேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், தெய்வம் கருவறையை விட்டு வெளியே வந்துவிட்டது.

அம்மாவுக்குப் போன். “யம்மா, உன் கையில ஒண்ணுமில்ல. கம்பியை மாத்தி மாட்டியிருக்காங்க. அவங்க தப்பு.” அந்தப் பக்கம் ஆபீஸ் மின்விசிறி சத்தம். “சரி.” “என்ன சரி?” “நீ சொல்லுத. சரி.” “யம்மா, நம்பலையா? கண்ணால பார்த்தேன், அடையாளம் இருக்கு.” “ஏட்டி உலகு, முந்தின வருசம் பொங்கலுக்குக் கூட்டுக் குடும்பம்தான் நல்லதுன்னு பட்டிமன்றத்துல பேசுன. அழுதுட்டேன். போன வருசம் தனிக் குடும்பம்தான் நல்லதுன்னு பேசுன. அதுக்கும் அழுதேன். ரெண்டையும் நம்புனேன். உன் பேச்சை வச்சு நான் என்ன செய்ய?” வாங்கின கோப்பைகள் எல்லாம் வீட்டு அலமாரியில் இருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. தன்னைத் தேற்றத்தான் நான் பேசுகிறேன் என்று அவள் நினைத்தால் தப்பில்லை, உண்மையைச் சொல்லும்போதும் பொய்யைச் சொல்லும்போதும் எனக்கு ஒரே குரல்தான் இருக்கிறது. “பேச்சு வேண்டாம். வந்து தள்ளிப் பாரு. நான் வாயே திறக்கலை.” “நீயா?” என்றாள். பிறகு, “சாப்பாட்டு நேரத்துல வாரேன்” என்றாள்.

ஆட்டோவிலிருந்து முதலில் கட்டைகள் இறங்கின, பிறகு அம்மா. ஜெயசிங் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தார், இடப் பக்கக் கதவை. அம்மா நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்தப் பக்கம் உங்களுக்குத் தம்பி. ஏறுதீங்களா?” அவர் ஏறவில்லை, இன்று ஒரு தடவை போதும் என்று முகத்தில் எழுதியிருந்தது. அம்மா வலப் பக்கம் ஏறினாள், கட்டைகளைப் பின்னால் போட்டாள், சீட்டை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள். வாயைத் திறக்காதே. நான் வாயைத் திறக்கவில்லை. வண்டி மெதுவாக நகர்ந்தது, நின்றது. நகர்ந்தது, நின்றது. டிரம்மைச் சுற்றி வந்தது, மாலைக்கு எதிரே வந்து, நிற்கவேண்டிய தேவையே இல்லாத தூரத்தில் நின்றது. கண்ணாடிக்குள் அவள் முகம் தெரிகிறது, ஊறுகாய் பாட்டிலைத் திறந்து மூடிய அதே முகம், அதில் எதையும் படிக்க முடியவில்லை, நகர்கிறது, நிற்கிறது, ஜெயசிங் என் பக்கத்தில் நின்று உதட்டைக் கடிக்கிறார், என் கை தானாகவே காற்றில் எதையோ தள்ளிக்கொண்டிருக்கிறது. சொல்லும்மா. எட்டு, ஒன்பது, எதையாவது சொல். செல்போன் அடிக்கிறது, அம்மாவோ என்று எடுத்துவிட்டேன், அம்மா எப்படிக் கூப்பிடுவாள், எதிரில்தானே இருக்கிறாள், யாரோ ஒரு பெண், தேன் மாதிரிக் குரல், “வணக்கம் மேடம், உங்க காரோட போன சர்வீஸ் பத்தி ரெண்டு நிமிஷம் பேசலாமா?” ஜெயசிங்குக்குக் கேட்டுவிட்டது. என் வாயையே பார்க்கிறார். அதற்குள் வண்டி எங்களைத் தாண்டிப் போகிறது. நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஒர்க்ஷாப் ஓரமாக வளைந்து, வாசலைப் பார்த்துப் போகிறது, செக்யூரிட்டி எழுந்து கேட்டைத் திறக்கிறார், இந்தத் தடவை உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. “யம்மா!” என்கிறேன். என்னை ஏற்றிக்கொள்ளாமல் எங்கே போகிறாள், ஆபீசுக்கா, வீட்டுக்கா, சாப்பிட்டாளா, எனக்கு எதுவும் தெரியவில்லை, ரோட்டில் ஏறி இடப் பக்கம் திரும்பிவிட்டாள். சுற்றுச்சுவருக்கு மேலே வண்டியின் பின்கண்ணாடி மட்டும் தெரிகிறது, அதன் உச்சியில் பிரேக் பிடித்தால் எரிகிற சிவப்பு விளக்கு. எரிகிறது. அணைகிறது. ரோட்டில் அவளுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை, மறுபடி எரிகிறது, அணைகிறது, மறுபடி. “மேடம், லைன்ல இருக்கீங்களா? பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க மேடம்?” “வண்டி எங்கம்மாவோடது” என்றேன், “அவங்களைத்தான் கேக்கணும், நம்பர் தாரேன்.” “சரி மேடம், இப்பவே கனெக்ட் பண்ணலாமா மேடம்?” சிவப்பு இன்னொரு தடவை எரிந்துவிட்டு வளைவில் மறைந்தது. “இப்ப வேண்டாம்” என்றேன். “இப்ப அவங்களால பேச முடியாது. வண்டி ஓட்டிட்டிருக்காங்க.”